கோல்ஃப் மட்டைக்கு ஒன்றேகால் லட்சமா? நாகர்கோவில் பக்கத்து ஆட்டக்காரர்கள் எப்படி வாங்குகிறீர்கள்?

பார்வதிபுரம்_பாலம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் வேலை பார்ப்பவன். அலுவலக நண்பர்கள் கவடியாரில் உள்ள ஒன்பது குழி மைதானத்துக்கு அழைத்துப் போனதில் இந்த ஆட்டம் பிடித்துவிட்டது. இதுவரை இரவல் மட்டைதான். இனி சொந்த மட்டை இல்லாமல் கை படியாது என்கிறார் பயிற்சியாளர்.

விலை விசாரித்தால் தலை சுற்றுகிறது. பெயர் பெற்ற நிறுவனத்தின் புதிய முழு செட், பையோடு சேர்த்து, 1,25,000 ரூபாய் என்று ஒரு கடையில் எழுதிக் கொடுத்தார்கள். தூரமாக அடிப்பதற்கான பெரிய தலை மட்டையான டிரைவர், புது மாடல் என்றால் அது ஒன்று மட்டுமே ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. இன்னொரு பக்கம், வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் மார்த்தாண்டத்தில் பழைய செட்டை 28,000 ரூபாய்க்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். எட்டு, ஒன்பது வருடப் பழசு. இந்த மாவட்டத்தில் மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் கடை எனக்குத் தெரிந்து இல்லை. எதைச் செய்யலாம்? உயரம் 5 அடி 4 அங்குலம், வலது கை ஆட்டம்.

கோட்டாறு_கணக்கர்

விலை ஏறியது உங்கள் பிரமை இல்லை, தம்பி. கணக்கைப் பாருங்கள். டெய்லர்மேட் நிறுவனத்தின் ஆர்1 டிரைவர் 2013இல் அமெரிக்காவில் 399 டாலருக்கு வந்தது. அதே நிறுவனத்தின் கியூஐ35, 2025 தொடக்கத்தில் 599 டாலர். டாலரில் ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். ஆனால் நாம் சம்பளம் வாங்குவது ரூபாயில். 2013 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 55 ரூபாய், 2025 தொடக்கத்தில் 86. அப்படியானால் 22,000 ரூபாய்ப் பொருள் 51,500 ஆகிவிட்டது, இன்னும் வரியே சேர்க்கவில்லை.

வரி தனிக் கதை. 2018 பட்ஜெட்டில் விளையாட்டுச் சாதனங்களுக்கான அடிப்படைச் சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. ஆக மொத்தம் 22. அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஒரே ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் விளையாட்டுப் பொருட்களுக்கான ஜிஎஸ்டி 12இலிருந்து 5 ஆக இறங்கியிருக்கிறது. உங்களுக்கு எழுதிக் கொடுத்த விலையில் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? பழைய விலைச் சீட்டைத் தூசி தட்டி நீட்டும் கடைகள் உண்டு.

வெற்றி பெறும் வீரர்களுக்கு நிறுவனங்கள் கொட்டிக் கொடுக்கும் விளம்பரப் பணமும் இதே பில்லில்தான் ஏறுகிறது. அதை எந்தச் சீட்டிலும் எழுத மாட்டார்கள்.

ஆரல்வாய்மொழி_காற்று

அருகில் உள்ள மைதானமே மாநில எல்லைக்கு அப்பால். ரயில் கட்டணம், மைதானக் கட்டணம், பயிற்சியாளருக்கு ஒரு தொகை. இதில் மட்டைக்கு ஒரு லட்சம். பேட்மிண்டன் ஆடலாமே?

பார்வதிபுரம்_பாலம்

ஆடினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

துபாய்த்_திரும்பல்

நானும் மார்த்தாண்டம் பக்கம்தான், ஆனால் அந்த 28,000 செட் என்னுடையது அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் விற்பனைக்குப் பேசுகிறான் என்பார்கள்.

பழையது வாங்கு, பழையது வாங்கு என்று எல்லோரும் சொல்லப் போகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அங்கே பல வருடம் ஆடியதில் பார்த்தது இது. மட்டை ஆளுக்குப் பொருந்தாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தண்டம். ஷாஃப்டின், அதாவது மட்டைத் தண்டின், விறைப்பு, மட்டையின் நீளம், தரையில் வைக்கும்போது அடிப்பகுதி படியும் கோணம், இந்த மூன்றும் உடம்புக்கு ஏற்ப அமைய வேண்டும். கோணம் தவறினால் நேராக அடித்த பந்தே இடம் வலமாகப் போகும். ஆட்டக்காரர் தன் வீச்சைக் குறை சொல்லிக்கொண்டு, இல்லாத தவறைத் திருத்தித் திருத்தி, இருந்த நல்ல வீச்சையும் கெடுத்துக்கொள்வார். புதிதாக வாங்கினால் அளந்து பொருத்தித் தருவார்கள். அந்தக் கூடுதல் பணம் அதற்குத்தான்.

அந்தச் செட்டின் ஷாஃப்டில் என்ன எழுத்து இருக்கிறது என்று கேளுங்கள். "எஸ்" என்றிருந்தால் விறைப்பானது, வேகமான வீச்சுக்காரருக்கு. "ஆர்" என்றால் சாதாரணம். தொடக்கக்காரருக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் ஒத்து வரும்.

கவடியார்_ஒன்பது_குழி

தம்பி, பிறந்தது களியக்காவிளை. சின்ன வயதில் அந்த மைதானத்தில் பை சுமந்து, பந்து தேடி வளர்ந்தவன். இப்போது வேறு தொழில், ஆனாலும் வாரக் கடைசியில் ஆடுகிறேன். 1956க்கு முன் நாமெல்லாம் ஒரே திருவிதாங்கூர்தானே, அதனால் அதை அடுத்த ஊர் மைதானம் என்று நான் நினைப்பதில்லை.

முழு செட் எதற்கு? விதி, அதிகபட்சம் 14 மட்டை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. குறைந்தபட்சம் இத்தனை என்று எங்கும் சொல்லவில்லை. அந்த 14 என்ற வரம்பே 1938இல் அமெரிக்காவிலும் அடுத்த வருடம் பிரிட்டனிலும் வந்ததுதான். அதற்கு முன் சிலர் இருபது, முப்பது மட்டைகளை ஒரு பையனின் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். அதே விளையாட்டில்தான் சிக் எவான்ஸ் 1916 அமெரிக்க ஓபனை ஏழே மட்டைகளோடு வென்றார். கூலி வாங்காத அமெச்சூர் ஆட்டக்காரர் அவர்.

உங்களுக்கும் ஏழு போதும். தூர அடிக்கு ஒரு ஹைபிரிட் அல்லது 5 எண் வுட். இரும்புத் தலை மட்டைகளான அயன்களில் 5, 7, 9. பந்தை உயரத் தூக்கிக் கிட்டே போட பிட்சிங் வெட்ஜ், மணல் குழியிலிருந்து எடுக்க சாண்ட் வெட்ஜ், குழிக்குள் தட்டிவிட ஒரு பட்டர். டிரைவர் வேண்டாம். கொஞ்ச காலத்துக்கு வேண்டவே வேண்டாம். பை தூக்கிய நாட்களில் நான் பார்த்தது, புதியவர்கள் டிரைவரை எடுத்தால் அடுத்த கால் மணி நேரம் எனக்குப் புதருக்குள் வேலை. தோள் வலிக்காத எடை குறைந்த பையும் அப்போது போதும்.

பந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மட்டை ஒருமுறைச் செலவு, பந்து தீராத செலவு. டைட்டிலிஸ்ட் புரோ வி1 மாதிரி யூரிதேன் என்ற மென்மையான உறை போட்ட பந்து, வெட்ஜால் அடித்தால் பச்சையில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், விழுந்து நிற்கும். நீங்கள் இன்னும் பச்சைக்கே வந்து சேரவில்லையே! அயனோமர் என்ற கடினமான பிளாஸ்டிக் உறையுள்ள இரண்டு அடுக்குப் பந்து விலையும் குறைவு, லேசில் கீறலும் விழாது, நேராகவும் போகும். மைதானத்துப் பையன்களிடம் கண்டெடுத்த பந்துகள் கிடைக்கும். வெயிலில் காய்ந்து மஞ்சளித்ததையும் கீறலில் விரல் மாட்டுவதையும் ஒதுக்கிவிட்டு மீதியை வாங்குங்கள். பழைய பந்துக்குப் புதுச் சாயம் பூசி, புதிய முத்திரை குத்தி விற்பதும் உண்டு. அது மட்டும் வேண்டாம், உள்ளே என்ன பந்து என்று கடவுளுக்கே தெரியாது.

புத்தேரி_பொறியாளர்

அண்ணன் சொன்னதற்கு ஒரு துணைக் காரணம். டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பந்தில் படும் அதன் முகம் ஸ்பிரிங் போல் பந்தைத் தள்ளுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்று விதி வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நல்ல நிறுவனங்கள் எல்லாமே அந்த எல்லையை எப்போதோ தொட்டுவிட்டன. ஆகவே "போன வருடத்தைவிடப் பத்து கெஜம் கூடுதல்" என்று ஒவ்வொரு வருடமும் வரும் விளம்பரங்களை அப்படியே கூட்டிப் பார்த்தால் பந்து இந்நேரம் கன்னியாகுமரியில் அடித்து விவேகானந்தர் பாறையைத் தாண்டியிருக்க வேண்டும்.

உண்மையான முன்னேற்றம் ஒன்று இருக்கிறது. முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் படும் அடிகளில் தலை அதிகம் திரும்பாமல் இருக்கும்படி எடையை விளிம்புக்குத் தள்ளியிருக்கிறார்கள். அது புதியவருக்குத்தான் அதிக உதவி. அதனால் 2005ஆம் வருட டிரைவர் வேண்டாம், ஆனால் 2017 டிரைவருக்கும் இந்த வருட டிரைவருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நாற்பதாயிரம் கொடுக்க மாட்டேன்.

அயனில் இந்த வித்தியாசம் இன்னும் குறைவு. இரும்பு வார்ப்பு, இரும்பு ஷாஃப்ட். முகத்தில் வெட்டியிருக்கும் கோடுகள் தேயாமல், தலை ஆடாமல் இருந்தால் பத்து வருடம் என்ன, அதற்கு மேலும் ஓடும்.

துபாய்த்_திரும்பல்

பொறியாளர் சார் சொல்வது தலையைப் பற்றி. நான் சொன்னது ஷாஃப்டையும் பொருத்தத்தையும் பற்றி. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கவடியார்_ஒன்பது_குழி

பொருத்தம் தேவைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் வீச்சே இன்னும் உருவாகாத ஆளுக்கு எதை வைத்து அளப்பீர்கள்? இன்று அளந்த வீச்சு மூன்று மாதத்தில் மாறிவிடும். இப்போது நீளம் மட்டும் பார்த்தால் போதும். நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டு, மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். உயரம் குறைவாக இருந்தாலும் கை குட்டையாக இருந்தால் சாதாரண நீளமே சரியாக வரலாம். உயரத்தை மட்டும் வைத்து மட்டையை வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் வீசும்போது தலையின் கனம் கைக்குத் தெரியாது.

குளச்சல்_ஃபைபர்

நான் கோல்ஃப் ஆடியதில்லை. படகுப் பட்டறை வைத்திருக்கிறேன். திருவனந்தபுரத்தில் ஆடும் மருத்துவர் ஒருவர் முதலில் ஒரு மட்டையோடு வந்தார். தலை கழன்றுவிட்டது, ஒட்டித் தர முடியுமா என்றார். அதிலிருந்து அவருடைய நண்பர்கள் எல்லோரும் வருகிறார்கள். ஆகவே இதில் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

படகுக்குக் கண்ணாடி இழைப் பாயோடு நாங்கள் பூசுவது பாலியெஸ்டர் பிசின். மட்டைக்கு அதைத் தொடவே கூடாது, அடியின் அதிர்ச்சியில் பொரிந்துவிடும். இரண்டு பாகமாகக் கலக்கும் எப்பாக்சி வேண்டும், அதிலும் அதிர்ச்சி தாங்கும் வகை. பழைய பசையை முழுக்கச் சுரண்டி, ஷாஃப்டின் நுனியை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து ஒட்டி, ஒரு முழு நாள் அசையாமல் வைக்க வேண்டும். இரும்பு ஷாஃப்டைச் சூடாக்கிக் கழற்றலாம். கிராஃபைட் ஷாஃப்டில் சூடு அதிகமானால் உள்ளே இழைகளைப் பிடித்திருக்கும் பிசினே வெந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, அடுத்த அடியில் முறியும். அதனால் கிராஃபைட் கழன்றால் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள்.

பழையது வாங்கும்போது தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் இருக்கும் கறுப்பு வளையத்தைப் பாருங்கள். மேலே ஏறியிருந்தால் உள்ளே பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தலையைப் பிடித்துத் திருகிப் பார்த்தாலும் தெரியும். கிரிப்பின், அதாவது ரப்பர் கைப்பிடியின், அடியிலிருந்து இரும்பு ஷாஃப்ட் முழுக்க விரலை ஓட்டுங்கள். கடற்கரை ஊரில் வைத்திருந்த மட்டை என்றால் துரு முலாமுக்கு அடியில் புள்ளி புள்ளியாகப் பிடித்திருக்கும். மேலாகப் படிந்த துரு தேய்த்தால் போய்விடும். நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் வேண்டாம்.

ஆரல்வாய்மொழி_காற்று

ஸ்பெயின் கோல்ஃப் வீரர் பாலெஸ்டெரோஸ் சிறுவனாக இருந்தபோது கடற்கரை மணலில் ஒரே ஒரு 3 எண் அயனை வைத்துப் பழகினாராமே. நமக்குச் சங்குத்துறையும் சொத்தவிளையும் இருக்கின்றன. மைதானச் செலவே இல்லையே?

குளச்சல்_ஃபைபர்

மணலில் வலை காய்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள், வலை பின்னுபவர்கள் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கோல்ஃப் பந்து எவ்வளவு கெட்டி என்று உங்களுக்குத் தெரியாது. வேண்டாம்.

குலசேகரம்_தோட்டம்

ரப்பர் தோட்டக்காரன் என்பதால் கிரிப் பற்றி மட்டும். பழைய செட்டில் முதலில் கெடுவது அதுதான். ரப்பர் வெயிலாலும் காற்றாலும் கைவியர்வையாலும் இறுகி வழவழப்பாகும். வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடித்தால் தோள் வரை விறைக்கும், வீச்சு போய்விடும். புது மட்டை வாங்க நினைக்கும் பலருக்குத் தேவைப்படுவது புது கிரிப்தான். ஒன்று சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. பழையதைக் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்து, இருபக்கமும் ஒட்டும் டேப் சுற்றி, கரைப்பான் ஊற்றி நனைத்துச் சட்டென்று ஏற்றினால் முடிந்தது. வீட்டுத் திண்ணையில் செய்யலாம், அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அதற்கும் முன்னால், சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் வைத்து நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். வெறும் அழுக்காகவும் இருக்கலாம்.

நமக்கு இரண்டு மழையும் உண்டு, தென்மேற்கும் வடகிழக்கும். தோல் கையுறையைப் பைக்குள் சுருட்டி வைத்தால் அடுத்த வாரம் பூஞ்சை பிடித்து அட்டையாகக் கிடக்கும். செயற்கைத் துணிக் கையுறை இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். நிழலில் விரித்துக் காய வையுங்கள். கார் டிக்கியில் மட்டைப் பையை விட்டுவைக்காதீர்கள், அந்தச் சூட்டில் பசையும் இளகும், ரப்பரும் சாகும்.

தக்கலை_டீச்சர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்குப் பதினொரு வயது. தொலைக்காட்சியில் ஒலிம்பிக்கில் அதிதி அசோக்கைப் பார்த்ததிலிருந்து ஆசைப்படுகிறாள். அவர் 2020 டோக்கியோவில் நான்காவதாக வந்தாரே, அந்த ஆட்டம். வீட்டில் என் தம்பி விட்டுப்போன பழைய மட்டைகள் இரண்டு இருக்கின்றன. அவற்றை வெட்டிக் கொடுக்கலாமா?

கவடியார்_ஒன்பது_குழி

வேண்டாம் டீச்சர். பெரியவர்களின் மட்டையைக் குட்டையாக வெட்டினால் ஷாஃப்ட் இன்னும் விறைப்பாகிவிடும், தலையின் எடையோ அப்படியே இருக்கும். பிள்ளை உடம்பைப் பின்னால் சாய்த்துத் தூக்கி அடிக்கப் பழகிவிடும், பிறகு அதை மாற்றப் பல வருடம் ஆகும். பிள்ளைகளுக்கான மட்டைகளை உயரத்தை வைத்துத் தனியாகச் செய்கிறார்கள். செட் வேண்டாம். ஒரு 7 எண் அயன், ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு பட்டர். டெகாத்லானின் இனெசிஸ் வரிசையில் சிறுவர் மட்டைகள் தனித்தனியாக வருகின்றன, பெரிய நிறுவன விலையைப் பார்த்தபின் அது உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். வளர்ந்ததும் சிறியதாகிவிடும், அப்போது இங்கேயே விற்றுவிடலாம்.

தக்கலை_டீச்சர்

நன்றி அண்ணாச்சி. மூன்று மட்டை என்றால் அவள் அப்பாவிடம் பேசலாம்.

புத்தேரி_பொறியாளர்

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். போலி. இணையத்தில் புதிய டிரைவர் பாதி விலைக்கு என்று வந்தால் அது பெரும்பாலும் போலிதான். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வந்த டிரைவரில் எழுத்து, நிறம், உறை எல்லாம் அச்சு அசல். அடித்தால் தகரச் சத்தம். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது, ஆகவே டைட்டானியம் என்று சொல்லி விற்கும் தலையின் முகத்தில் காந்தம் பிடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காந்தம் ஒட்டாததால் மட்டும் அசல் ஆகிவிடாது, அலுமினியத்திலும் ஒட்டாது. கழுத்தில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பதுதான் உறுதியான வழி.

துபாய்த்_திரும்பல்

இதில் நான் முழுக்க உடன். ஆள் தெரிந்து, முகம் பார்த்து வாங்கும் பழைய செட்டுக்கு உள்ள பெரிய நன்மை அதுதான். வளைகுடாவில் இருக்கும் உறவினரைக் கொண்டுவரச் சொல்வதாக இருந்தால், சுங்கத்தில் பயணிகளுக்கான வரியில்லா அளவைப் பயணத்துக்கு முன் பார்த்துவிடுங்கள், பில்லையும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். விமான எடைக் கணக்கில் பையும் மட்டையும் சேர்ந்து எத்தனை கிலோ என்பதையும் மறக்கக் கூடாது.

பார்வதிபுரம்_பாலம்

மார்த்தாண்டம் போய்ப் பார்த்துவிட்டேன். விற்பவர் நல்ல மனிதர், டீ கொடுத்தார். நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் பார்த்தேன். 4 முதல் 9 வரை அயன்கள், இரண்டு வெட்ஜ், ஒரு ஹைபிரிட், டிரைவர், பட்டர், பை. அயன்களில் "ஆர்" எழுத்து. டிரைவரில் மட்டும் "எஸ்". கோடுகள் 9 வரை நன்றாக இருக்கின்றன, சாண்ட் வெட்ஜ் நடுவில் தேய்ந்து மழுங்கியிருக்கிறது. 5 எண்ணில் கறுப்பு வளையம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. கிரிப் எல்லாம் கல். வரிசை எண்களைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன், அயன்கள் அசல் என்று பதில் வந்தது.

மணிக்கட்டு அளவை வீட்டில் எடுத்தேன், பயிற்சியாளர் சாதாரண நீளமே போதும் என்றார்.

கோட்டாறு_கணக்கர்

அப்படியானால் பேரம் பேச நான்கு பிடி இருக்கிறது. டிரைவர் உங்களுக்கு வேண்டாம், அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். எல்லா கிரிப்பும் மாற்ற வேண்டும். வெட்ஜ் தேய்ந்தது. 5 எண் பழுது. 18,000இல் தொடங்குங்கள். டீ கொடுத்தார் என்பதற்காக விலையைக் கூட்டாதீர்கள்.

துபாய்த்_திரும்பல்

இருபது வரை நியாயம். மிச்சமாகும் பணத்தில் பயிற்சி வகுப்புகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து வீச்சு நிலைத்தபின் அளந்து பொருத்துவதைப் பற்றி என்னிடம் கேளுங்கள், அப்போது நான் சொல்வதைக் கேட்பீர்கள்.

பார்வதிபுரம்_பாலம்

டிரைவர் இல்லாமல் 19,500க்கு முடிந்தது. பணத்தை அனுப்பிவிட்டேன். மாலையில் ரயில் கூட்டத்தில் பையைத் தூக்கி வருவதுதான் இனிக் கவலை.

கவடியார்_ஒன்பது_குழி

முழுவதையும் தினமும் தூக்காதீர்கள். பை அலுவலக நண்பரின் வீட்டில் இருக்கட்டும். பட்டரை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், கூடத்துத் தரையில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து இரவில் தட்டிப் பழகுங்கள். குறைந்த செலவில் அடிகளின் எண்ணிக்கை குறையும் ஒரே இடம் அது.

குளச்சல்_ஃபைபர்

5 எண்ணை அடிக்காமல் வையுங்கள், தலை பறந்தால் யார் மேலாவது விழும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பட்டறையில் இருப்பேன், கொண்டு வாருங்கள். கிரிப்பை நீங்களே கீறி எடுத்துவிடாதீர்கள், புதியது வாங்கும் முன் ஷாஃப்டின் மேல்முனைத் தடிமனை அளந்து சொல்கிறேன்.